அத்தியாயம் 5: தொகையும் நிபந்தனையும் – கையெழுத்துக்கு முந்திய வாசிப்பு

ஒப்பந்தம் என்பது, சட்டத்தால் ஒருவரையொருவர் கட்டுப்படுத்திக்கொள்ளும் எண்ணத்துடன் இருவரோ பலரோ செய்துகொள்ளும் உடன்பாடாகும். அது கடதாசியில் எழுதப்பட்டிருந்தால்தான் செல்லும் என்ற நம்பிக்கை மலையகத்தில் பரவலாக இருப்பினும், இலங்கையின் பொதுச் சட்டமாக விளங்கும் உரோம டச்சுச் சட்டம் அப்படிச் சொல்வதில்லை. ஒவ்வொரு வாக்குறுதிக்கும் பதிலாக ஏதேனும் ஒரு கைம்மாறு தரப்பட்டிருக்க வேண்டும் என்று ஆங்கிலச் சட்டம் எதிர்பார்க்க, இலங்கையில் அந்த வாக்குறுதிக்கு நியாயமான காரணம் ஒன்று இருந்தாலே போதும் என்பதை ஜயவிக்ரம எதிர் அமரசூரிய வழக்கில் 1918இல் கோமறைக் கழகம் உறுதிசெய்தது. ஆகவே கொழுந்து லொறியின் அருகே நின்று வாயால் பேசிக்கொண்ட விலையும் ஒப்பந்தமே; பேசியது இன்னதென்று பின்னர் மெய்ப்பிப்பதில்தான் அதன் வலுவீனம் உள்ளது.

இந்தப் பொது விதிக்குக் காணி மட்டும் பெரிய விலக்கு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியின் விற்பனை, ஈடு, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை ஆகியவை எழுத்தில் அமைந்து, இரு சாட்சிகளின் முன்னிலையில் நொத்தாரிசு ஒருவரால் அத்தாட்சிப்படுத்தப்பட்டாலன்றிச் செல்லுபடியாவதில்லை. லய அறையையோ வீட்டுத்தோட்டத் துண்டையோ வெறுங்கடதாசியில் கைமாற்றிக்கொள்வோர் இரண்டு இடங்களில் தவறுகின்றனர்: ஆவணத்தின் வடிவம் சட்டத்துக்கு ஒவ்வாதது என்பது ஒன்று; கையெழுத்திடுபவருக்கு அந்த நிலத்தின்மீது உரிமையே இல்லை என்பது மற்றொன்று. 1992இல் அரசுப் பெருந்தோட்டங்கள் 22 கம்பனிகளின் கையில் விடப்பட்டபோது அக்கம்பனிகள் முதலில் 5 ஆண்டுகளுக்கு நிர்வகிப்போராக மட்டுமே அமர்த்தப்பட்டு, பின்னரே 2045 வரையிலான 53 ஆண்டுக் குத்தகையைப் பெற்றன. நிலம் இன்றும் அரசினுடையதாக இருக்கையில், குத்தகைக்காரரான கம்பனியே விற்க முடியாததை அங்கே குடியிருப்பவர் விற்பது எவ்வாறு? எந்த ஒப்பந்தத்தையும் வாசிக்கத் தொடங்குமுன் எதிரில் இருப்பவர் யார், அவர் யாருடைய அதிகாரத்தில் கையெழுத்திடுகிறார் என்ற கேள்வி முன்னிற்பது இதனாலேயே.

நுவரெலியா மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், கினிகத்தேனைக்கு அண்மையில் அமைந்த பொல்பிட்டிய, 1969இல் இயங்கத் தொடங்கிய சமனல நீர்மின் நிலையத்தால் வெளியில் அறியப்பட்ட ஊர். அதைச் சுற்றிப் பெருந்தோட்டங்களும் சிறு தேயிலைத் தோட்டங்களும் கலந்து கிடக்கின்றன. ஒருவர் தோட்டத்தில் பேர் பதிபவராகவும், இன்னொருவர் சிறு தோட்டத்துக் கொழுந்தைத் தொழிற்சாலைக்குப் போடுபவராகவும், மற்றொருவர் கட்டட வேலையில் துணை ஒப்பந்தக்காரரின் கீழ் உழைப்பவராகவும், வீட்டுப் பெண் நுண்கடன் குழுவில் பிணை நிற்பவராகவும் இருக்கக்கூடிய இத்தகைய ஊரில், ஒரே வீட்டார் நான்கு வகை ஒப்பந்தங்களுக்குக் கட்டுப்பட்டிருப்பது வியப்பன்று. நான்கில் ஒன்றையேனும் முழுதாக வாசித்தவர் அந்த வீட்டில் இருந்தால் அதுவே வியப்பு.

துண்டும் அதன் பாடமும்

மலையகத்தின் ஒப்பந்த வரலாற்றில் முதலில் அறிய வேண்டிய ஆவணம் துண்டு ஆகும். குறித்த கங்காணியின் கீழுள்ள ஆட்களைப் பற்றி, அவர்களது கடனை யார் செலுத்தினாலும் அவர்களை விடுவிக்கத் தோட்டத்துரை இணங்குவதாக எழுதிக் கொடுக்கும் சீட்டே அது; தமிழ்ச் சொல்லாகவே ஆங்கிலப் பதிவுகளிலும் இடம்பெற்றது. அந்தச் சீட்டில் தொழிலாளர் பெயர் உண்டு, தொகை உண்டு. அவருடைய சம்மதம் இல்லை. ஒரு தோட்டத்தின் கடனை அடைத்து ஆட்களை அழைத்துக்கொண்ட அடுத்த தோட்டம் அதே கடனைத் தன் பேரேட்டில் ஏற்றிக்கொண்டதால், கடன் ஆளோடு சேர்ந்து மலைக்கு மலை நடந்தது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஒருவரைக் கட்டுப்படுத்தும் எழுத்து அவருக்குத் தெரியாமல் இருவரிடையே எழுதப்படலாம் என்ற அந்த நிலை முற்றாக மறைந்துவிட்டதாகக் கொள்வதற்கில்லை. பிரதிநிதிகள் பேசி முடிக்கும் கூட்டு ஒப்பந்தங்களில் அது வேறு வடிவில் எழுகிறது.

கூட்டு ஒப்பந்தத்தை வாசித்தல்

கூட்டு ஒப்பந்தம் என்பது, தொழில் வழங்குநர்களும் தொழிற்சங்கங்களும் தொழில் நிபந்தனைகள் பற்றிச் செய்துகொள்ளும் உடன்படிக்கை. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின்கீழ் அது வர்த்தமானியில் வெளியிடப்பட்டதும், அதன் சரத்துகள் ஒவ்வொரு தொழிலாளியின் தனி வேலை ஒப்பந்தத்திலும் சொல்லாமலே அடங்கிய நிபந்தனைகளாகிவிடுகின்றன. கையெழுத்திட்டோர் சிலராயினும் கட்டுப்படுவோர் இலட்சக்கணக்கானோர். பெருந்தோட்டத் துறையில் முதலாளிமார் சம்மேளனத்தின் ஊடாகக் கம்பனிகள் ஒரு புறமும், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கை தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கக் கூட்டுக் கமிட்டி ஆகியன மறுபுறமும் நின்று செய்துகொண்ட உடன்படிக்கைகள், எந்த ஒப்பந்தத்தையும் வாசிக்கப் பழகுவோருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த பாடநூல் எனலாம்; ஏனெனில் அவற்றில் அறிவிக்கப்பட்ட தொகை ஒன்றாகவும் கைக்கு வந்த தொகை வேறாகவும் இருந்தமைக்கான காரணம் முழுவதும் சரத்துகளிலேயே எழுதப்பட்டிருந்தது.

2013ஆம் ஆண்டின் ஒப்பந்தம் நாட்சம்பளம் 620 ரூபாய் என்று அறியப்பட்டது. அதனுள் அடிப்படைச் சம்பளம் 450 ரூபாய், வரவுக் கொடுப்பனவு 140 ரூபாய், தேயிலை விலையோடு தொடர்புபட்ட விலைப் பங்குக் கொடுப்பனவு 30 ரூபாய் என மூன்று பகுதிகள் இருந்தன. வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 விழுக்காட்டுக்குக் குறையாமல் வேலைக்கு வந்தவருக்கே வரவுக் கொடுப்பனவு என்பதால், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட மாதத்தில் அந்த எல்லைக்குக் கீழே இறங்கிய தாய்க்கு அதே ஒப்பந்தம் நாளொன்றுக்கு 480 ரூபாய் ஒப்பந்தமாகச் சுருங்கியது. 2016 ஒக்டோபர் 18இல் கையெழுத்தான அடுத்த ஒப்பந்தம் 730 ரூபாய் எனப்பட்டது: அடிப்படை 500, வரவு 60, விலைப் பங்கு 30, நிர்ணயித்த அளவு கொழுந்து பறித்தால் உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140. வரவும் அளவும் இரண்டும் தவறியவருக்கு 530 ரூபாயே மிஞ்சியது.

இதே ஒப்பந்தத்தைக் கம்பனிகள் 805 ரூபாய் என்று கணக்கிட்டன என்பது சங்கத்தின் கணக்கை மட்டும் கேட்டவருக்குப் புதிராகத் தோன்றலாம். மேலதிகமான அந்த 75 ரூபாய், ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் வழங்குநர் செலுத்தும் 12 விழுக்காடும் ஊழியர் நம்பிக்கை நிதிக்குச் செலுத்தும் 3 விழுக்காடும் சேர்ந்தது. 500 ரூபாயில் 15 விழுக்காடு 75. கணக்கிடப்பட்டது அடிப்படைச் சம்பளத்தின்மீது மட்டுமே என்பது இதிலிருந்து வெளிப்படுகிறது. சம்பளத்தை அடிப்படையிலிருந்து கொடுப்பனவுக்கு நகர்த்தும் ஒவ்வொரு ரூபாயும், ஓய்வுபெறும் நாளில் கிடைக்க வேண்டிய சேமலாபத்திலிருந்து சிறு துளியை வெட்டுகிறது. எந்த வேலை ஒப்பந்தத்திலும் மொத்தத் தொகையைப் பார்க்குமுன் அடிப்படை எவ்வளவு என்று தேடுவது வாசிப்பின் முதல் பழக்கமாக வேண்டும்.

2019 ஜனவரி 28இல் கையெழுத்தான ஒப்பந்தம் அடிப்படையை 700 ஆக்கி, விலைப் பங்கை 50 ஆக்கி, வரவுக் கொடுப்பனவையும் உற்பத்தித்திறன் கொடுப்பனவையும் அடியோடு நீக்கியது. 1000 ரூபாய் கேட்டுத் தெருவில் நின்ற தொழிலாளர், 730 வாங்கிய கைக்கு 750 வந்தது, கூடியது 20 ரூபாய்தானா என்று கொதித்தனர். அக்கணக்கு சரியானதே, ஆயினும் அது நிபந்தனை எல்லாவற்றையும் நிறைவேற்றியவரின் கணக்கு. நிபந்தனைகள் தவறி 530 வாங்கியவருக்கு அதே ஒப்பந்தம் 220 ரூபாய் கூட்டியது. நிதிகளுக்கான பங்களிப்பும் 75இலிருந்து 105 ஆயிற்று. கேட்ட தொகையோடு ஒப்பிட்டால் அது தோல்வி. ஒப்பந்த அமைப்பாக நோக்கினால், 2016இனுடையதைவிடச் சீரானது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதே அக்காலத்து விவாதத்தின் குறை.

தொகைச் சரத்துகளைவிட, ஒப்பந்தம் எப்போது முடியும் என்று சொல்லும் காலச் சரத்து கொடியது. 2013இன் ஒப்பந்தம் 2015 மார்ச் 31இல் முடிவுக்கு வந்தது. அடுத்தது 2016 ஒக்டோபரில்தான் கையெழுத்தானது. இடைப்பட்ட பதினெட்டு மாதங்களுக்கும் மேற்பட்ட காலத்துக்கான உயர்வு நிலுவைச் சம்பளமாகக் கிடைக்கவில்லை. காலாவதியான பின் பேச்சு நீளுமானால் புதிய தொகை எந்தத் திகதியிலிருந்து கணக்கிடப்படும் என்ற ஒரு வரி பழைய ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருப்பின், தாமதத்தால் இலாபம் பெறும் தரப்பு எதுவும் இருந்திராது. அந்த வரி இல்லாதபோது, பேசாமல் இருப்பதே ஒரு தரப்புக்கு வருமானமாகிவிடுகிறது.

எழுதப்படாததன் விலையை 2021 காட்டியது. அவ்வாண்டு மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் வழியாக 900 ரூபாய் சம்பளமும் 100 ரூபாய் வரவுசெலவுத் திட்ட நிவாரணக் கொடுப்பனவும் சேர்ந்து 1000 ரூபாய் வர்த்தமானியில் அறிவிக்கப்பட, கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. சம்பள நிர்ணய சபை விதிப்பது குறைந்தபட்சச் சம்பளத்தை. ஒரு நாளுக்கு எத்தனை கிலோ, எத்தனை நாள் வேலை என்பனவெல்லாம் அதன் எழுத்துக்கு வெளியே நின்றன. தொகை சட்டத்தால் உறுதியானதும் சர்ச்சை அளவுக்குத் தாவியது: கொழுந்து அளவு கூட்டப்பட்டு, எட்டாதவருக்கு அரைப்பேர் போடப்படுவதாகத் தோட்டந்தோறும் முறைப்பாடுகள் எழுந்தன. அரைப்பேர் என்பது முழு நாள் மலையில் நின்றவருக்குச் செக்ரோல் எனப்படும் வரவுப் பதிவேட்டில் அரை நாள் மட்டும் பதியும் வழக்கம். அச்சொல் எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் எந்தச் சரத்தைவிடவும் மாதச் சம்பளத்தை அது தீர்மானிக்கிறது.

வரைதல்: கொழுந்து வழங்கும் ஒப்பந்தம்

மேற்கண்டவை பிறர் எழுதியவற்றை வாசிப்பது பற்றியன. தானே வரையும் வாய்ப்பு ஒரு சிறு தோட்டக்காரருக்குக் கிடைப்பது பெரும்பாலும் தொழிற்சாலைக்குப் பச்சைக் கொழுந்து வழங்கும் ஒப்பந்தத்தில்தான். அதுவும் தனித்து நின்றால் கிடைக்காது, பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் கிடைக்கலாம். வரைவைக் கொண்டு வருபவருக்கே பேச்சில் பாதி வெற்றி என்பதால், தொழிற்சாலையின் அச்சடித்த படிவத்துக்காகக் காத்திராமல், ஒரு பக்க வரைவையேனும் முன்கூட்டியே எழுதிக்கொண்டு செல்வது நன்று.

விலைக்கு ஓர் அளவுகோல் ஏற்கெனவே உண்டு. கொழும்புத் தேயிலை ஏலத்தில் கிடைக்கும் தேறிய விற்பனைச் சராசரியில் 68 விழுக்காடு கொழுந்து வழங்குநருக்கும் 32 விழுக்காடு தொழிற்சாலைக்கும் என்ற விகிதத்தை அடிப்படையாகக் கொண்டு நியாய விலை கணக்கிடப்படுகிறது. எனவே ‘நடப்பு விலை வழங்கப்படும்’ என்ற வாசகத்தை ஏற்க வேண்டிய தேவை இல்லை. ‘அந்தந்த மாதத்துக்குத் தேயிலை ஆணையாளர் அறிவிக்கும் நியாய விலைக்குக் குறையாத விலை, அடுத்த மாதம் இன்ன திகதிக்கு முன் வழங்கப்படும்’ என்று எழுதுவது, யாரும் மறுக்கத் தயங்கும் கோரிக்கை.

விலையைவிடப் பணம் கசியும் இடம் எடை. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் இந்நாட்டின் மிகக் கூடிய மழை பெய்யும் பிரதேசங்களில் ஒன்று. ஈரக் கொழுந்துக்கு நீர்க்கழிவு, முற்றிய இலைக்குத் தரக்கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு எனக் கொழுந்து மடுவத்திலிருந்து தொழிற்சாலை வாசல் வரை எடை இளைத்துக்கொண்டே போகும். ‘தரமற்ற கொழுந்துக்குத் தகுந்த கழிவு செய்யப்படும்’ என்ற ஒற்றை வரி இவ்வளவுக்கும் இடம் கொடுத்துவிடும். எது தரமற்றது, எவ்வளவு தகுந்தது, யார் முடிவுசெய்வது என்ற மூன்றையும் அது எதிர்த்தரப்பின் கையில் விடுகிறது. அதற்கு மாற்றாகப் பின்வருமாறு எழுதலாம்:

‘கொழுந்து, வழங்குநரின் அல்லது அவர் அனுப்பியவரின் முன்னிலையில் நிறுக்கப்படும். மொத்த எடை, நீர்க்கழிவு, தரக்கழிவு, தேறிய எடை ஆகியன தனித்தனியே அவ்விடத்திலேயே சீட்டில் எழுதிக் கொடுக்கப்படும். நீர்க்கழிவும் தரக்கழிவும் சேர்ந்து மொத்த எடையில் நூற்றுக்கு …… ஐ விஞ்சா. சீட்டில் பதியப்படாத எந்தக் கழிவும் மாதக் கணக்கில் சேர்க்கப்படமாட்டாது.’

இறுதி வாக்கியமே இதில் உயிர்நாடி. மற்றவற்றில் விட்டுக்கொடுத்தாலும் அதை விட்டுக்கொடுக்கலாகாது. உரமோ முற்பணமோ தொழிற்சாலையிடம் கடனாகப் பெறப்படுமாயின், மாதந்தோறும் வெட்டப்படும் தொகையின் உச்ச அளவும், கடன் தீருமுன் வேறு தொழிற்சாலைக்குக் கொழுந்து போடலாமா என்பதும் எழுத்தில் வர வேண்டும். போடக்கூடாது என்ற சரத்தை, 1921இல் ஒழிந்த துண்டை நினைவில் வைத்துக்கொண்டு வாசிப்பது பொருந்தும். ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை ஒரு தரப்புக்கு மட்டும் தரப்பட்டிருந்தால், அதே அறிவித்தல் காலத்தை மறுதரப்புக்கும் எழுதுமாறு கேட்பதே போதும். பெரும்பாலும் அது மறுக்கப்படுவதில்லை, கேட்கப்படாததால்தான் இல்லாமல் போகிறது.

பேசுதல்

பேச்சுக்குப் போகுமுன் விட்டுக்கொடுக்கவே முடியாதது, விலைக்கு விட்டுக்கொடுக்கக்கூடியது என்ற பிரிப்பைத் தம் தரப்பினருக்குள் செய்துகொள்ளாதவர்கள், மேசையில் அமர்ந்த பின் ஒருவரையொருவர் பார்த்து விழிப்பர். தொகை உயர மறுக்கும்போது நிபந்தனையைத் தளர்த்தக் கேட்பது பயன்தரும் உத்தி: 75 விழுக்காடு வரவு போன்ற நிபந்தனை இருக்குமானால், அதில் மருத்துவ விடுமுறை நாட்களையும் வந்த நாட்களாகக் கணக்கிடச் சொல்வது, எதிர்த்தரப்புக்குச் சிறு செலவு, தொழிலாளிக்குப் பெரும் வேறுபாடு. ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் இணங்கியதையும் இணங்காததையும் கூட்டக் குறிப்பாக எழுதி இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். ‘அதைப் பிறகு பார்த்துக்கொள்வோம்’ என்று துரையோ முகாமையாளரோ சொல்லும் உறுதி, அவர் இடமாற்றம் பெற்றுச் செல்லும் நாளோடு போய்விடும்.

பிரதிநிதிகள் பேசும் இடத்தில் வேறொரு கடமையும் உண்டு. தோட்டத் தலைவர்களிடம் இறுதி வரைவின் தமிழ்ப் பிரதி, கையெழுத்துக்குச் சில நாட்களுக்கு முன்னரேனும் சென்றடைய வேண்டும். தொழிலாளர் வேலைக்குமுன் கூடும் பிரட்டுக் களத்தில் வாசிக்கப்படாத ஒப்பந்தத்தைத் தொழிலாளரின் ஒப்பந்தம் என்று அழைப்பது சொல்லளவிலேயே நிற்கும்.

கையெழுத்திடும் நாள்

கையெழுத்திட்டவர் வாசித்தார் என்றே நீதிமன்றம் கொள்ளும். வாசிக்கவில்லை, மொழி விளங்கவில்லை என்ற முறையீடு, ஏமாற்றுக் காட்டப்பட்டாலன்றி அரிதாகவே எடுபடும். ஆகவே சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அமைந்த ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்புக் கேட்பதோடு, இரண்டும் முரண்பட்டால் எது மேலோங்கும் என்று சொல்லும் சரத்தையும் தேடிப் பார்க்க வேண்டும். மேலோங்குவது ஆங்கிலம் என்றிருந்தால் கையிலுள்ள தமிழ்ப் பிரதி வெறும் ஆறுதலே. நிரப்பப்படாத இடங்களில் கோடிட வேண்டும், பக்கந்தோறும் சுருக்கொப்பம் இட வேண்டும். ‘இணைப்பில் உள்ளவாறு’ என்று எழுதப்பட்டிருப்பின் அந்த இணைப்பு அதே நேரத்தில் மேசையில் இருக்க வேண்டும்.

கடன் படிவங்களில் பிணையாளரின் பகுதிக்குத் தனிக் கவனம் வேண்டும். முதலில் கடனாளியிடம் அறவிட்டுப் பின்னரே தன்னிடம் வரவேண்டும் என்று கோரவும், பிணையாளர் பலராயின் தன் பங்கை மட்டும் செலுத்துவதாகக் கோரவும் உரோம டச்சுச் சட்டம் பிணையாளருக்கு உரிமை தந்துள்ளது. அச்சடித்த படிவங்களோ, சட்டம் தரும் அச்சலுகைகளைப் பிணையாளர் துறப்பதாகவும், ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ பொறுப்பேற்பதாகவும் பொடி எழுத்தில் எழுதிவிடுகின்றன. அதில் கையெழுத்திட்ட பின், அயல்வீட்டாருக்காக ஒப்புக்கு நின்றதாக நினைத்த பெண், சட்டத்தின் கண்ணில் முழுக் கடனாளி. துணை ஒப்பந்தக்காரரின் கீழ் வேலைக்குச் செல்வோர், காயத்துக்குத் தாம் பொறுப்பல்ல என்று எதிர்த்தரப்பு எழுதிய வாசகத்தைக் கண்டால் அதை நீக்கக் கேட்க வேண்டும்; நீக்காவிடினும், கவனயீனத்தால் விளையும் உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்குமான பொறுப்பை அத்தகைய வாசகத்தால் கழற்றிக்கொள்வதற்கு எதிராக 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் உள்ளது என்பதைச் சட்டத்தரணியிடம் நினைவூட்டலாம்.

கையெழுத்திட்ட பிரதி ஒன்று அன்றே கைக்கு வர வேண்டும். ‘மேலிடத்து ஒப்பம் பெற்றுப் பின்னர் அனுப்பப்படும்’ என்று சொல்லப்பட்டால், தன் கையெழுத்தோடு நிற்கும் பக்கங்களைக் கைத்தொலைபேசியிலேனும் படமெடுத்துக்கொள்வது நல்லது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்திலமைந்த ஒப்பந்தம் மீறப்பட்டதற்கு 6 ஆண்டுகளுக்குள்ளும், எழுதப்படாத ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டுகளுக்குள்ளும் வழக்குத் தொடரலாம். எழுத்தில்லாமல் விற்று ஒப்படைத்த பொருளின் விலைக்கு, அது நனைந்த கொழுந்தாயினும் காய்ந்த தேயிலையாயினும், 1 ஆண்டுதான்.